ஆபீஸ் பார்க்கிங்லயும் கம்பெனி வண்டிகளுக்கும் ஈவி சார்ஜிங் போடறது எப்படி: அடியில இருந்து முழு வழிகாட்டி

மூணு வருஷத்துக்கு முன்னாடி சென்னை ஓஎம்ஆர்ல எங்க ஆபீஸ் பார்க்கிங்ல 22 கிலோவாட் ஏசி (வீட்டு பிளக்ல வர்ற ஆல்டர்னேட்டிங் கரண்ட்) சார்ஜர் ரெண்டு வாங்கி மாட்டினோம். பக்கத்து பில்டிங்ல 7 கிலோவாட் தான் வச்சிருக்காங்க நம்மளது மூணு மடங்கு வேகம்னு எனக்கு ஒரே பெருமை, முதல் நாள் ஒருத்தர் பழைய டாடா நெக்ஸான் ஈவி (எலக்ட்ரிக் கார்) கொண்டு வந்து சொருகறார், டிஸ்ப்ளேல 3.2னு நிக்குது. சார்ஜர் ரிப்பேர்னு நினைச்சு வித்தவங்களுக்கு போன் போட்டு கத்தினேன். அவங்க பொறுமையா சொன்னாங்க, சார் ஏசில போடும்போது கரண்ட்டை டிசியா, அதாவது பேட்டரி ஏத்துக்கற மாதிரி, மாத்தறது வண்டிக்குள்ள இருக்கற ஆன்போர்டு சார்ஜர், அந்த வண்டில அது 3.3 தான், நீங்க செவுத்துல எதை மாட்டினாலும் அதுக்கு மேல எடுக்காதுன்னு. அதை விக்கும்போதே சொல்லிருக்கலாம், ஆனா கேக்காம வாங்கினது நான்.

அதுக்கப்புறம் ஸ்டாஃபை கூட்டிட்டு வந்து விடற எங்க கேப் (டாக்ஸி) வண்டிகளுக்கும் சேர்த்து மொத்த பிளானையும் திரும்ப முதல்ல இருந்து போட்டோம். அட்மின், ஃபெசிலிட்டி, டிரான்ஸ்போர்ட் டெஸ்க்ல இருக்கறவங்க யாருக்காவது உதவும்னு அதை வரிசையா எழுதறேன். கணக்கெல்லாம் தமிழ்நாட்டு இபி ரூல்படி, வேற மாநிலம்னா ரேட் மாறும், போற வழி ஒண்ணுதான்.

படி 1: சார்ஜர் கேட்டலாக்கை மூடிட்டு ஒரு நோட்டு எடுங்க

எல்லாரும் மொதல்ல கேக்கறது எத்தனை கிலோவாட் சார்ஜர் வாங்கலாம்னுதான். மொதல்ல தெரிய வேண்டியது உங்க வண்டி எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு கிளம்புது, நடுவுல எவ்ளோ நேரம் சும்மா நிக்குதுங்கறது. பிளான்ல வர்ற எல்லா முடிவும் இந்த ஒரு நம்பர்ல இருந்துதான் வரும்.

ரெண்டு வாரம், வண்டி வண்டியா எழுதுங்க: என்ன மாடல், பேட்டரி எத்தனை யூனிட், ஏசில அதிகபட்சம் எவ்ளோ எடுக்கும், டிசில எவ்ளோ எடுக்கும், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எப்போ நிக்குது, எங்க நிக்குது. டிரைவர் வீட்டுக்கு எடுத்துட்டு போற வண்டியா, யார்டுல விட்டுட்டு போற வண்டியான்னு கண்டிப்பா எழுதுங்க, வீட்டுக்கு போற வண்டிக்கு நீங்க யார்டுல நைட் சார்ஜர் போட்டு என்ன பிரயோஜனம். செக்யூரிட்டி கேட் ரிஜிஸ்டர்லயும் வண்டி ஜிபிஎஸ்லயும் இதுல பாதி ஏற்கனவே இருக்கும்.

ஸ்டாஃப் சொந்த வண்டிக்கு ஒரு சின்ன ஃபார்ம் போதும். இப்ப ஈவி வச்சிருக்கீங்களா, ஒரு வருஷத்துல வாங்குவீங்களா, வீட்ல சார்ஜ் பண்ண வசதி இருக்கா. கடைசி கேள்விதான் முக்கியம், தனி வீடு உள்ளவங்க ஆபீஸ்ல சார்ஜ் போட அலைய மாட்டாங்க, அப்பார்ட்மெண்ட்ல அசோசியேஷன் பாயிண்ட் தர மாட்டேங்கறவங்கதான் உங்க உண்மையான கஸ்டமர்.

படி 2: யூனிட் கணக்கு

இது ரொம்ப சிம்பிள். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். ஓடற கிலோமீட்டரை ஒரு கிலோமீட்டருக்கு ஆகற யூனிட்டால பெருக்குங்க, சார்ஜ் ஆகும்போது சூடா வீணாப் போறதுக்கு ஒரு 10ல இருந்து 15 சதவீதம் சேருங்க. நம்ம ஊர் டிராஃபிக்ல, காருக்குள்ள ஏர்கண்டிஷன் போட்டுட்டு ஓட்டினா, ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 0.03 யூனிட், சரக்கு ஆட்டோ 0.06, சின்ன செடான் 0.13, எஸ்யூவி 0.15 கிட்டன்னு வச்சுக்கலாம். உங்க வண்டி டிஸ்ப்ளேல வர்ற நிஜ நம்பர் கிடைச்சா அதையே போடுங்க, பிரோஷர்ல இருக்கற ரேஞ்சை வச்சு மட்டும் கணக்கு போடாதீங்க, அது டெஸ்ட் ரூம்ல ஓடினது.

ஸ்கூட்டர் தினம் 30 கிலோமீட்டர்னா ஒரு யூனிட். அவ்ளோதான். 40 ஸ்கூட்டர்னா 40 யூனிட், ரெண்டு மூணு ஃபேமிலி வீட்ல ஒரு நாளைக்கு ஏசி ஓடற அளவு. ஸ்டாஃப் கார் போக வர 70 கிலோமீட்டர்னா 11 யூனிட் கிட்ட, அது 3.3 கிலோவாட் பாயிண்ட்ல மூணரை மணி நேரம், அப்ப ஆபீஸ் டைம்ல ஒரு பாயிண்ட்ல ரெண்டு கார் தாராளமா முடியும், மத்தியானம் சாப்பிடப் போகும்போது வண்டியை மாத்தி விட்டா போதும். 12 கார் இருக்குன்னு 12 சார்ஜர் வாங்க வேண்டியதில்லை, 6 போதும். பாதி பேர் தினம் போடவும் மாட்டாங்க.

சரக்கு ஆட்டோவும் சுலபம். மகிந்திரா டிரியோ ஜோர் மாதிரி வண்டில பேட்டரியே 7.37 யூனிட் தான், 15 ஆம்ப் பிளக்ல நாலு மணி நேரத்துக்குள்ள ரொம்பிடும், டெலிவரி ஹப்ல அதுக்குன்னு பெரிய சார்ஜர் யாராவது விக்க வந்தா டீ குடுத்து அனுப்பிடுங்க. டாடா ஏஸ் ஈவி 21.3 யூனிட், அது ராத்திரி முழுக்க நிக்கற வண்டின்னா அதுக்கும் ஸ்லோ சார்ஜ் போதும்.

கஷ்டம் கேப்ல தான். ஒரு உதாரணம் எடுத்துப்போம். 20 செடான், 26 யூனிட் பேட்டரி, தினம் 160 கிலோமீட்டர். 160ஐ 0.13ஆல பெருக்கினா 20.8, வீணாப் போறது சேர்த்தா மீட்டர்ல 23.5 யூனிட், 20 வண்டிக்கு 470 யூனிட். இப்ப நேரத்தைப் பாருங்க. பகல் ஷிஃப்ட் மட்டும் ஓடற வண்டின்னா ராத்திரி 10 மணில இருந்து காலை 5 வரைக்கும் 7 மணி நேரம் நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு 3.3 கிலோவாட் பாயிண்ட் குடுத்தா 23 யூனிட் ஏறிடும், மொத்த லோடு 66 கிலோவாட். இதே கம்பெனிக்கு ஒரு சேல்ஸ்மேன் வந்தா 60 கிலோவாட் டிசி ஃபாஸ்ட் சார்ஜர் நாலு போடுங்க சார்னு கொட்டேஷன் குடுப்பார், அது 240 கிலோவாட். அந்த சைஸ் செடான் டிசில சுமார் 25 கிலோவாட் எடுத்தாலே பெரிசு, மீதி 35 சும்மா பார்த்துட்டு இருக்கும்.

படி 3: இபி பில்லை முழுசா படிங்க

நிறைய பேர் தடுக்கி விழற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

நீங்க எச்டி (ஹை டென்ஷன், பெரிய கட்டடங்களுக்கு குடுக்கற உயர் அழுத்த) கனெக்ஷன்னா பில்லுல ரெண்டு பங்கு இருக்கும், ஓடின யூனிட்டுக்கு ஒண்ணு, டிமாண்டுக்கு ஒண்ணு. டிமாண்ட்னா அந்த மாசத்துல ஒரே சமயத்துல நீங்க இழுத்த அதிகபட்ச கேவிஏ (இந்த கணக்குக்கு கிலோவாட்டும் அதுவும் ஒண்ணுன்னே வச்சுக்கலாம்). தமிழ்நாட்டுல அந்த உச்சத்துக்கோ இல்ல இபிகிட்ட அனுமதி வாங்கி வச்சிருக்கற சாங்ஷன் டிமாண்ட்ல 90 சதவீதத்துக்கோ, எது ஜாஸ்தியோ அதுக்கு பணம் கட்டணும். அதாவது நீங்க யூஸ் பண்ணலைன்னாலும் 90 சதவீதத்துக்கு காசு போகும். 2022 கட்டண உத்தரவுல எச்டி தொழிற்சாலை ரேட்டு ஒரு கேவிஏவுக்கு மாசம் 550 ரூபா, யூனிட் 6.75, அதுக்கப்புறம் ஏறிட்டேதான் இருக்கு, நீங்க போன மாச பில்லுல இருக்கறதைப் போட்டு பாத்துக்கோங்க, நான் பழைய நம்பர்லயே காட்டறேன்.

மேல சொன்ன 240 கிலோவாட்டுக்கு டிமாண்ட் ஏத்தினா குறைஞ்சது மாசம் 1,18,800 ரூபா, 66க்கு ஏத்தினா 32,670. வண்டி அதே 20, ஓடற கிலோமீட்டர் அதே, யூனிட் அதே, வித்தியாசம் மாசம் 86 ஆயிரம். சார்ஜர் விலை இதுல சேரவே இல்ல.

அடுத்து டைம். எச்டில காலை 6ல இருந்து 10, சாயங்காலம் 6ல இருந்து 10 பீக் அவர், யூனிட் ரேட்டு மேல 25 சதவீதம் கூட. ராத்திரி 10ல இருந்து காலை 5 வரைக்கும் 5 சதவீதம் தள்ளுபடி. ஸ்டாஃப் எல்லாம் ஒன்பதரைக்கு வந்து வரிசையா ஸ்கூட்டரை சொருகுவாங்க, அதுதான் பீக். ஸ்கூட்டர் லைனுக்கு ஒரு டைமர் வச்சு 10 மணிக்கு ஆன் ஆகற மாதிரி விட்டா போதும், ஒருத்தருக்கும் நஷ்டமில்ல, சாயங்காலத்துக்குள்ள எல்லாம் ஃபுல்.

ஆனா பீக்கை பாத்து ரொம்பவும் பயப்படக் கூடாது, இது நான் பின்னாடி கத்துக்கிட்டது. ஓஎம்ஆர் கேப் எல்லாம் ராத்திரில தான ஓடும், யுஎஸ் ஷிஃப்ட்டுக்கு சாயங்காலம் பிக்கப், விடியக்காலை டிராப், அப்படியே காலை ஷிஃப்ட் பிக்கப், எல்லாம் முடிஞ்சு எட்டு மணிக்கு வண்டி யார்டுக்கு வரும், மூணு மணிக்கு திரும்ப கிளம்பும். நைட் தள்ளுபடியை நம்பி போட்ட பிளான் இந்த வண்டிக்கு உதவாது. பீக்கே வேணாம்னு 10 மணில இருந்து 3 வரைக்கும் 5 மணி நேரத்துல 470 யூனிட் ஏத்தணும்னா 94 கிலோவாட் வேணும், 3.3 பாயிண்ட்ல 16 யூனிட்டுக்கு மேல ஏறாது, அப்ப டிசி கன் (வண்டில சொருகற கைப்பிடி) நாலு வச்சு மாத்தி மாத்தி சொருகணும், ஆள் ஒருத்தர் கூடவே நிக்கணும், டிமாண்ட் 100 கிட்ட போகும். அதுக்கு பதிலா எட்டு மணிக்கே 3.3ல சொருகி ரெண்டு மணி நேரம் பீக் ரேட்டு குடுத்தா என்ன ஆகும்? 132 யூனிட்டுக்கு யூனிட்டுக்கு 1.69 ரூபா கூட, நாளைக்கு 223, மாசம் 6,700 ரூபா கிட்ட. டிமாண்டை 34 கேவிஏ கூட வாங்கறதுக்கு மாசம் 16,830. பீக் ரேட்டு குடுக்கறதே லாபம். இந்த ஒரு கணக்கை உங்க நம்பர் வச்சு போட்டுட்டு அப்புறம் முடிவு எடுங்க.

ஒரு சிக்கல் இருக்கு, பகல்ல சார்ஜ் போட்டா அதே நேரத்துல ஆபீஸ் ஏசியும் ஓடும். ஏப்ரல் மே மத்தியானம் மூணு மணிக்கு உங்க சில்லர் (சென்ட்ரல் ஏசி மெஷின்) எவ்ளோ இழுக்குதுன்னு மீட்டர்ல இருந்து லோடு சர்வே (எந்த நேரத்துல எவ்ளோ இழுத்துதுங்கற பதிவு) டவுன்லோட் பண்ணி பாருங்க, டிசம்பர் பில்லை காட்டி நிறைய இடம் இருக்குன்னு சொல்லிடாதீங்க. சாங்ஷன் 500, மே மாச உச்சம் 410னா உங்க கையில 90 இருக்கு, அதுல 66 உக்காரும், கனெக்ஷனை தொடவே வேணாம்.

தனி கனெக்ஷன் வாங்கலாமான்னா வாங்கலாம். சார்ஜிங் ஒரு சேவை, கரண்ட் விக்கறது ஆகாது, லைசென்ஸ் வேணாம்னு மத்திய மின் அமைச்சகம் 2018லயே தெளிவு பண்ணியாச்சு. 2024 பிப்ரவரில திருத்தின நுகர்வோர் உரிமை விதில ஈவி சார்ஜிங்குக்கு தனி கனெக்ஷன் கேக்கலாம், பெருநகரத்துல 3 நாள், மத்த நகராட்சில 7 நாள், கிராமத்துல 15 நாள்ல குடுக்கணும்னு இருக்கு. எழுத்துல மூணு நாள், தெருவுல இருக்கற டிரான்ஸ்ஃபார்மர்ல இடம் இல்லைன்னா அது வேற கதை, அதனால ஆர்டர் போடறதுக்கு முன்னாடி செக்‌ஷன் ஆபீஸ் ஏஇயை (அசிஸ்டெண்ட் இன்ஜினியர்) ஒரு தடவை நேர்ல பாத்துடுங்க. 2024 செப்டம்பர் மத்திய வழிகாட்டுதல்ல காலை 9ல இருந்து சாயங்காலம் 4 வரைக்கும் சோலார் நேரம்னு பிரிச்சு, சார்ஜிங் ஸ்டேஷனுக்கு குடுக்கற கரண்ட் விலை அந்த நேரத்துல, கரண்ட் சப்ளை பண்ண ஆகற சராசரி செலவுல 0.7 மடங்கு, மத்த நேரம் 1.3 மடங்குன்னு போட்டிருக்காங்க. பகல்ல நிக்கற கேப்புக்கு இது நல்ல சேதி, தனி சர்வீஸ் எடுத்தா உங்களுக்கு எந்த டாரிஃப் போடுவாங்கன்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

வாடகை பில்டிங்னா இதெல்லாம் உங்க கையில இல்ல, ஐடி பார்க் ஓனர் தான் கனெக்ஷன் ஹோல்டர். அவர்கிட்ட கேக்கும்போது கையோட ஒண்ணு சொல்லுங்க, மத்திய மாதிரி கட்டட விதில 2019ல பண்ண திருத்தத்துல புது பில்டிங் பார்க்கிங்ல 20 சதவீதத்துக்கு ஈவி சார்ஜிங் வசதி இருக்கணும்னு வந்தாச்சு, நாளைக்கு வேற டெனன்ட் வந்தாலும் இதைக் கேப்பான்னு. எங்க ஓனர் இதுக்குதான் மசிஞ்சார்.

படி 4: இப்பதான் சார்ஜர்

ஸ்கூட்டருக்கு 15 ஆம்ப் பிளக் பாயிண்ட், ஆனா கடைல கிடைக்கற சாதா சாக்கெட் வேணாம். நாங்க ரெண்டாவது கட்டமா பாயிண்ட் போட்டப்ப காசு மிச்சம் பிடிக்கறேன்னு வீட்டுக்கு போடற சாக்கெட்டையே வரிசையா போட்டோம், ஆறே மாசத்துல ரெண்டு கருகி பிளக்கோட ஒட்டிக்கிச்சு. ஒரு மிக்ஸி அஞ்சு நிமிஷம் ஓடும், வண்டி நாலு மணி நேரம் விடாம இழுக்கும், சூடு அங்கதான் ஏறுது. நீலக் கலர்ல மூடியோட வர்ற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்க. பாரத் ஏசி 001ங்கற ஸ்டாண்டர்ட் பாக்ஸ்லயும் அதே மாதிரி 3.3 கிலோவாட் சாக்கெட் மூணு தான் இருக்கும். ஸ்டாஃப் கொண்டு வர்ற போர்ட்டபிள் சார்ஜர் பிளக் இதுல பொருந்தாதுன்னா கன்வெர்ட்டர் பின்னு எதையாவது நடுவுல சொருக விடாதீங்க, அந்த பாயிண்டுக்கு நல்ல பிராண்ட் ஹெவி டியூட்டி 16 ஆம்ப் சாக்கெட் போட்டு வருஷா வருஷம் மாத்திடுங்க. ஏத்தர் ஸ்கூட்டர் கம்பெனில இருந்து வந்த கனெக்டர் இப்ப ஐஎஸ் 17017ல இந்திய ஸ்டாண்டர்டாவே ஆயிடுச்சு, ஆனா எல்லா கம்பெனி ஸ்கூட்டர்லயும் அது இல்ல, அதை மட்டும் நம்பி இறங்க வேணாம்.

காருக்கு டைப் 2 கன். சிங்கிள் ஃபேஸ் 32 ஆம்ப் 7.4 கிலோவாட், த்ரீ ஃபேஸ் 32 ஆம்ப் 22. இங்க ஓடற கார்ல பெரும்பாலானது ஏசில 3.3 இல்லைன்னா 7.2 தான் எடுக்கும், அதனால 22 வாங்கி என்னை மாதிரி அசிங்கப்படாதீங்க. 7.4 வாங்கி அதை 3.3க்கு செட் பண்ணி வைக்கலாம், பின்னாடி ஏத்திக்கலாம்.

டிசி வேணவே வேணாம்னு சொல்லல. 20 கேப்புக்கு ஒரு 30 கிலோவாட் சிசிஎஸ் 2 (கார் டிசி கன் வகை) டிசி சார்ஜர் வச்சுக்கோங்க, திடீர்னு ஒரு டிரிப் கூட வந்தா, டிராஃபிக்ல மாட்டி லேட்டா வந்தா, ஒரு வண்டிக்கு அரை மணில உயிர் குடுக்கறதுக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு லேடி ஸ்டாஃபை டிராப் பண்ற வண்டி 6 சதவீதத்துல நிக்கக் கூடாது, அந்த ஒரு காரணத்துக்காகவே டிசி வாங்கலாம். தினசரி சோறு ஸ்லோ சார்ஜ், டிசி ஆஸ்பத்திரி மாதிரி.

பஸ்ஸுன்னா கணக்கே வேற. 2025 ஜூன் 30ம் தேதி வியாசர்பாடி டிப்போல இருந்து சென்னை எம்டிசி 120 எலக்ட்ரிக் பஸ் விட்டாங்களே, அந்த அளவு பேட்டரிக்கு ஏசில கதையாகாது, டிப்போக்கே தனி எச்டி சப்ளை எடுத்து டிசிலதான் போடணும். கம்பெனி ஸ்டாஃப் பஸ் ஈவியா மாத்தற யோசனை இருந்தா அதை இந்த பார்க்கிங் பிளானோட கலக்காம தனி பிராஜெக்ட்டா பாருங்க.

சாஃப்ட்வேர் பத்தி ஒரே வார்த்தை: ஓசிபிபி, அதாவது சார்ஜரும் அதை நடத்தற சாஃப்ட்வேரும் பேசிக்கற பொது மொழி. ஓசிபிபி 1.6க்கு கீழ எதையும் வாங்காதீங்க, எழுத்துல வாங்குங்க. இது இருந்தா சார்ஜர் ஒரு கம்பெனி, ஆப் வேற கம்பெனின்னு மாத்திக்கலாம், இல்லைன்னா வித்தவன் கடையை மூடிட்டு போனா உங்க சார்ஜர் செவுத்துல தொங்கற டப்பா.

படி 5: இடம்

பேனலுக்கு எவ்ளோ பக்கமோ அவ்ளோ நல்லது. 32 ஆம்ப்பை 6 ஸ்கொயர் எம்எம் காப்பர்ல 50 மீட்டர் கொண்டு போனா கிட்டத்தட்ட 10 வோல்ட் வழியிலயே போயிடும், கேபிளும் சூடாகும், நம்ம ஊர் வெயில்ல அதுக்கு 10 ஸ்கொயர் தான் சரி. மேனேஜிங் டைரக்டர் வண்டி நிக்கற இடம்னு லிஃப்ட் பக்கத்துல சார்ஜர் போட்டீங்கன்னா கேபிள் காசும் கூட, சாதா பெட்ரோல் வண்டிதான் அங்க நிக்கும். கொஞ்சம் தள்ளி, ஒரு மூலைல, வரிசையா போடுங்க, எவனும் மாத்தி நிறுத்த மாட்டான்.

அப்புறம் தண்ணி. 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் புயல், ரெண்டுலயும் சென்னைல எத்தனை பேஸ்மெண்ட் முங்குச்சுன்னு நாம பாத்தோம். உங்க பில்டிங்ல எதுவரைக்கும் தண்ணி வந்துச்சுன்னு பழைய செக்யூரிட்டியை கேளுங்க, செவுத்துல கோடே காட்டுவார். சார்ஜரும் கரண்ட்டைப் பிரிச்சு விடற டிபி பாக்ஸும் அந்த கோட்டுக்கு மேல. பேஸ்மெண்ட் முழுகற பில்டிங்னா கிரவுண்ட் லெவல்ல போடுங்க, வேற பேச்சே வேணாம். மழை அலர்ட் வந்தா ஈவி லைனை யார் ஆஃப் பண்ணணும், வண்டியை யார் மேல ஏத்தணும்னு முன்னாடியே ஒரு ஆளை சொல்லி வையுங்க.

ஓப்பன்ல போட்டா மேல ஷீட் கண்டிப்பா வேணும், மழைக்கு மட்டும் இல்ல, வெயில்ல டிஸ்ப்ளே கருத்துப் போயிடும், சார்ஜரும் சூடு தாங்காம தானே கரண்ட்டைக் குறைச்சுக்கும். ஈசிஆர், ஓஎம்ஆர் பக்கம் உப்புக் காத்து, போல்ட் நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ்.

பெயிண்ட் கோடு, வீல் ஸ்டாப்பர், கன் மாட்ட ஒரு ஹூக். ஹூக் 200 ரூபா, இல்லைன்னா கன்னு தரைல கிடந்து ஒரு நாள் டயர் ஏறும்.

படி 6: வயரிங், எர்த்து

இதுல காசு பாக்காதீங்க. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர், எச்டி இடம்னா சிஇஐஜி (அரசு தலைமை மின் ஆய்வாளர்) ஆபீஸ் அப்ரூவல் தேவைப்படற வேலையை அவரே லிஸ்ட் போட்டு எழுத்துல குடுக்கணும்.

ஒரு பாயிண்டுக்கு ஒரு எம்சிபி (லோடு மீறினா கட் பண்றது), ஒரு ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா கட் பண்றது), 30 மில்லி ஆம்ப். எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்ணு போட்டா ஒரு ஸ்கூட்டர்ல லீக் ஆனா மொத்த வரிசையும் செத்துடும், சாயங்காலம் 40 பேர் உங்க சீட்டுக்கு வருவாங்க. கடைல சாதாரணமா குடுக்கறது ஏசி டைப் ஆர்சிசிபி, கார் பாயிண்டுக்கு அது ஆகாது, வண்டில இருந்து டிசி லீக் வந்தா அது குருடாயிடும், ட்ரிப்பே ஆகாது. ஒண்ணு டைப் பி போடணும், இல்ல சார்ஜருக்குள்ளயே 6 மில்லி ஆம்ப் டிசி லீக் கண்டுபிடிக்கற வசதி இருந்தா வெளில டைப் ஏ போதும். கொட்டேஷன்ல இந்த லைன் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அந்த ஆளுக்கு ஈவி வேலை தெரியாது.

எர்த்து சரியில்லைன்னா வண்டியே கரண்ட் வாங்காது. சார்ஜர் வேலை செய்யலைன்னு வர்ற கம்ப்ளெயிண்ட்ல நான் பாத்ததுல பாதி எர்த்து தான், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் இருந்தா வண்டி எர்த் ஃபால்ட்டுன்னு சிவப்பு லைட்டைக் காட்டி நின்னுடும். தனி எர்த் பிட், வருஷத்துக்கு ரெண்டு தடவை ரீடிங், கோடைக்கு முன்னாடி ஒண்ணு கண்டிப்பா, மண்ணு காஞ்சா ரீடிங் ஏறும்.

சிங்கிள் ஃபேஸ் பாயிண்ட் 20 இருந்தா ஆர், ஒய், பி மூணு ஃபேஸ்க்கும் 7, 7, 6னு பிரிங்க. சொல்லித்தான் ஆகணும், ஒரு இடத்துல எல்லாத்தையும் ஆர் ஃபேஸ்லயே குடுத்து வச்சு மெயின் ஏன் ட்ரிப் ஆகுதுன்னு ஒரு வாரம் தேடினாங்க.

ஜெனரேட்டர்ல சார்ஜர் ஓடக் கூடாது. பவர் போனா ஈவி லைன் தானா கட் ஆகற மாதிரி இண்டர்லாக் போடுங்க. டீசல் எரிச்சு ஈவி சார்ஜ் பண்றது காமெடி, அந்த யூனிட் விலை கேட்டா அக்கவுண்ட்ஸ்ல மயக்கம் போட்டுடுவாங்க.

இன்னைக்கு 6 பாயிண்ட் போட்டாலும் பள்ளம் தோண்டும்போது 20க்கு பைப் போட்டு வச்சுடுங்க. பைப் காசு கம்மி, கான்கிரீட்டை திரும்ப உடைக்கறது தான் காசு.

லோடு மேனேஜ்மெண்ட்னு ஒரு பாக்ஸ் இருக்கு. மெயின் மீட்டரைப் பாத்துட்டே இருக்கும், பில்டிங் லோடு ஏறினா சார்ஜர் கரண்ட்டைக் குறைக்கும், ஏசி ஆஃப் ஆனா திரும்ப ஏத்தும். மேல சொன்ன 90 கேவிஏ இடத்துல இது இருந்தா பாயிண்டை இன்னும் ஒரு மடங்கு கூட கூட்டலாம், வண்டி நிக்கற நேரம் இருந்தா சரி. சாங்ஷன் டிமாண்ட் தாண்டினா இபி போடற அதிகப்படி சார்ஜ் ஒரு மாசம் வந்தாலே இந்த பாக்ஸ் ஏன் வாங்கலைன்னு தோணும்.

படி 7: ரூல்ஸ், காசு, சண்டை

ஃப்ரீயா குடுத்தா வீட்ல சார்ஜ் போடறவங்களும் இங்க வந்து போடுவாங்க, தேவையானவனுக்கு இடம் கிடைக்காது. நாங்க மூணு மாசம் ஃப்ரீ விட்டு பாத்தோம், காலை எட்டரைக்கே எல்லா பாயிண்டும் ரொம்பிடும். அப்புறம் இபி ரேட்டையே வாங்கினோம், லாபம் இல்ல நஷ்டம் இல்ல, கூட்டம் பாதியாச்சு. ஸ்கூட்டருக்கு மட்டும் ஃப்ரீயாவே விட்டுட்டோம், ஒரு யூனிட்டுக்கு பில் போடற தொல்லை அந்த காசை விட பெரிசு.

சார்ஜ் முடிஞ்சும் வண்டியை எடுக்காதவங்க தான் நிஜத் தலைவலி. ஐடி கார்டையே டேப் பண்ற மாதிரி வச்சு, முடிஞ்சதும் போனுக்கு மெசேஜ், அரை மணி கழிச்சு மணி கணக்குல ஃபைன். ஃபைன் வாங்கறதை விட அந்த ஃப்ளோர் வாட்ஸ்அப் குரூப்ல வண்டி நம்பர் வந்தா ஓடி வர்றாங்க.

கேப்புக்கு டிரைவர் ரூல் தனி. வந்ததும் சொருகு, எத்தனை சதவீதம் இருந்தாலும் சொருகு. 40 இருக்குண்ணா அப்புறம் போட்டுக்கறேன்னு படுத்துடுவாங்க, மூணு மணிக்கு எழுந்தா அதே 40 தான் இருக்கும். டிரைவருக்கு ரெஸ்ட் ரூம், ஃபேன், தண்ணி பார்க்கிங் பக்கத்துலயே இருக்கணும், இல்லைன்னா வண்டிக்குள்ளயே ஏசி போட்டு தூங்குவாங்க, சார்ஜ் ஏற ஏற இறங்கும். அவங்க மேல தப்பு இல்ல, சென்னை வெயில் அப்படி.

எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி வண்டின்னா கம்பெனி மேனுவல் சொல்றபடி அப்பப்போ 100 வரைக்கும் ஸ்லோ சார்ஜ் விடுங்க, அப்பதான் காட்டற சதவீதம் சரியா இருக்கும். விடலைன்னா 15 காட்டிட்டு இருக்கற வண்டி திடீர்னு பல்லாவரம் பாலத்து மேல நிக்கும்.

கழட்டற பேட்டரியை சீட்டுக்கு கொண்டு வந்து டேபிளுக்கு அடில சார்ஜ் போடறது அறவே கூடாது. 2022ல ஸ்கூட்டர் தீப்பிடிச்சதுக்கு அப்புறம் ஏஐஎஸ் 156ங்கற பேட்டரி பாதுகாப்பு ஸ்டாண்டர்டுல திருத்தம் வந்து, டிசம்பர் 2022, மார்ச் 2023னு ரெண்டு கட்டமா அமலாச்சு, அதுக்கு முன்னாடி வந்த வண்டிங்களும் பார்க்கிங்ல இன்னும் இருக்கு. ஸ்கூட்டர் வரிசைக்கும் மாடிப்படிக்கும் இடைவெளி விடுங்க, புகை வந்தா ஓடற வழி அதுவாத்தான் இருக்கும். ஸ்மோக் டிடெக்டர், மெயின் ஆஃப் பண்ற சிவப்பு பட்டன் செக்யூரிட்டி கைக்கு எட்டற இடத்துல, எந்த பட்டன்னு நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டிக்கும் தெரியணும்.

படி 8: பில் செட்டில் பண்றதுக்கு முன்னாடி

எல்லா பாயிண்ட்லயும் ஒரே சமயத்துல வண்டி சொருகி ரெண்டு மணி நேரம் ஓட விடுங்க. ஒவ்வொரு ஜாயிண்டையும் தெர்மல் கேமராவுல பாக்க சொல்லுங்க, வாடகைக்கு கிடைக்கும். ஆர்சிசிபி ஒவ்வொண்ணா டெஸ்ட் பட்டன் அமுக்கி பாருங்க. மெயின் ஆஃப் பண்ணி ஜெனரேட்டர் எடுக்கும்போது ஈவி லைன் நிஜமாவே கட் ஆகுதான்னு பாருங்க. நெட் ஒயரை பிடுங்கிட்டு சார்ஜ் ஆகுதான்னு பாருங்க, பேஸ்மெண்ட்ல சிக்னல் இருக்காது, ஆப் இல்லாம கார்டு மட்டும் வச்சு ஓடணும். இதெல்லாம் பாஸ் ஆனதுக்கு அப்புறம் தான் கடைசி 20 சதவீத பணம். சார்ஜருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 2019 ஆகஸ்ட்ல 18ல இருந்து குறைச்சாங்க, சில கொட்டேஷன்ல சார்ஜரையும் வயரிங் வேலையையும் ஒண்ணா சேர்த்து 18 போட்டு வரும், பிரிச்சு கேளுங்க.

ஏஎம்சி (வருஷ மெயின்டனன்ஸ் ஒப்பந்தம்) எழுதும்போது எத்தனை மணி நேரத்துல ஆள் வருவான்னு போடுங்க, ஸ்பேர் கன் ஒண்ணு உங்க ஸ்டோர்லயே இருக்கட்டும். மாசம் ஒரு தடவை சாக்கெட், கன் பின் கருப்படிச்சிருக்கான்னு எலக்ட்ரீஷியன் பாத்து நோட்டுல கையெழுத்து.

மூணு மாசம் கழிச்சு சார்ஜர் ரிப்போர்ட்டை எடுத்து வச்சு படி 1 நோட்டோட ஒப்பிட்டு பாருங்க. எங்க கேஸ்ல ஸ்டாஃப் கார் நினைச்சதுல பாதி யூனிட் தான் எடுத்துது, கேப் ஒண்ணே கால் மடங்கு எடுத்துது, ஏன்னா டிரிப் இல்லாதப்ப டிரைவருங்க சொந்த வேலைக்கும் ஓட்டியிருக்காங்க. ஸ்டாஃப் பாயிண்ட்ல மூணை கேப் பக்கம் திருப்பி விட்டோம், புதுசா ஒண்ணும் வாங்கல. அந்த 22 கிலோவாட் ரெண்டும் இன்னும் அங்கதான் இருக்கு, ரெண்டையும் 7.4க்கு செட் பண்ணி வச்சிருக்கோம்.